மண் முந்தியோ, மக்கள் முந்தியோ?

(உத்தரகோசமங்கையில் நடைபெற்ற அரசியல் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



மண் முந்தியோ, மங்கை முந்தியோ என்று இவ்வூரைப் பற்றி ஒரு வழக்கு உண்டு. உலகில் மண் முதலில் தோன்றியதா, மங்கை எனும் இந்த ஊர் முதலில் தோன்றியதா என்று மயங்கும் அளவுக்குப் பழமை வாய்ந்தது இவ்வூர் என்பது அதன் பொருள். ஊரின் வயதை ஆராய நாம் இங்கே கூடவில்லை. அந்த வழக்கில் ஒரே ஒரு சொல்லை மாற்றி, வேறொரு கேள்வியாக உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். மண் முந்தியோ, மக்கள் முந்தியோ?

ஒரு நாட்டின் படை எல்லையைத் தாண்டி அண்டை நாட்டுக்குள் நுழைகிறது. செய்தி வந்த முதல் நாளில், முதல் வாரத்தில், மக்கள் என்ன சொல்கிறார்கள்? ஏன் அப்படிச் சொல்கிறார்கள்? ஊரெல்லாம் ஒரே குரலில் முழங்கும் அந்த வேளையில் கட்சித் தொண்டன் என்ன சொல்ல வேண்டும்? இவையே இன்றைய பேச்சின் பொருள்.

இதைப் பேசுவதற்கு இராமநாதபுரம் சீமையைவிடப் பொருத்தமான இடம் வேறு ஏது? தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கடல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். அக்கரையில் வெடிக்கும் குண்டின் விளைவு இக்கரையில் வந்து ஒதுங்குகிறது. 1983 முதல் அப்படி வந்து ஒதுங்கிய மக்களின் துயரக் கதையை மண்டபம் முகாம் அறியும். அந்த முகாமைக் கடந்து போகும் நீங்களும் அறிவீர்கள்.

1987ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். மே மாத இறுதியில் இலங்கைப் படை வடமராட்சியில் பெருந்தாக்குதல் தொடுத்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் உணவில்லை, மருந்தில்லை என்ற அபயக் குரல் எழுந்தது. ஜூன் 3ஆம் நாள், உணவும் மருந்தும் ஏற்றிய 19 படகுகள் இராமேசுவரம் கரையிலிருந்து புறப்பட்டன. இலங்கைக் கடற்படை அவற்றை வழிமறித்தது, படகுகள் திரும்பின. மறுநாள் இந்திய அரசு வேறு வழியை நாடிற்று. ஐந்து விமானங்கள், போர் விமானங்கள் காவலாக உடன்வர, யாழ்ப்பாணத்தின்மேல் பறந்து ஏறத்தாழ 25 டன் பொருள்களை வானிலிருந்து இறக்கின.

அச்செயலைத் தமிழகம் வாழ்த்திற்று. யாழ்ப்பாணம் வானத்தை நோக்கிக் கையசைத்தது. கொழும்பு அதனை இறையாண்மையின்மேல் விழுந்த அடி என்று கண்டித்தது. பட்டினியால் வாடியவனுக்கு அது சோறு. ஆட்சியிலிருந்தவனுக்கு அது அத்துமீறல். தொலைவில் நின்று பார்த்தவனுக்கு அது வீரம். செயல் ஒன்றேயாயினும், நிற்கும் இடத்துக்கேற்ப அதன் பெயர் மாறிற்று.

அடுத்த எட்டு வாரத்தில் படையே சென்றது. ஜூலை 29ஆம் நாள் கொழும்பில் பிரதமர் ராஜீவ் காந்தியும் குடியரசுத் தலைவர் ஜெயவர்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். மறுநாள் முதல் இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் இறங்கிற்று. இலங்கை அரசின் இசைவோடு சென்றதால், சட்டத்தின் கண்ணில் அது படையெடுப்பு அன்று. ஆனால் சட்டத்தின் கண் வேறு. வீட்டு வாசலில் அயல்நாட்டுத் துப்பாக்கியைக் காணும் குடிமகனின் கண் வேறு.

யாழ்ப்பாணத்தில் மக்கள் தெருவோரம் திரண்டு நின்று மாலையிட்டு வரவேற்றனர். கொழும்பிலோ ஊரடங்கு, கலவரம், துப்பாக்கிச் சூடு. அந்நாட்டுப் பிரதமர் பிரேமதாசாவே ஒப்பந்தத்தை எதிர்த்து விழாவைப் புறக்கணித்தார். ஜூலை 30ஆம் நாள் அணிவகுப்பு மரியாதையை ஏற்று நடந்த ராஜீவ் காந்தியை, அணியில் நின்ற கடற்படை வீரர் ஒருவரே துப்பாக்கிக் கட்டையால் தாக்கினார். மூன்று நாள் கழித்து, ஆகஸ்டு 2ஆம் நாள், சென்னைக் கடற்கரையில் பெருங்கூட்டம். பிரதமரும் முதலமைச்சர் எம்.ஜி.ஆரும் ஒரே மேடையில் தோன்றினர். கைதட்டல் ஓய நெடுநேரம் ஆயிற்று.

தோழர்களே! யாழ்ப்பாணத்தில் மாலை, கொழும்பில் கல், சென்னையில் கைதட்டல். இவற்றுள் எது உண்மையான மக்கள் குரல் என்று கேட்டால், மூன்றுமே உண்மைதான். ஆனால் ஒவ்வொன்றும் எதற்காக எழுந்தது என்பதை ஆராயாமல் அதைத் தீர்ப்பாகக் கொண்டவர்கள் ஏமாந்தனர்.

யாழ்ப்பாணத்து மாலை யாருக்கு விழுந்தது? குண்டுவீச்சு நின்றதே, இன்றிரவு பிள்ளைகள் பதுங்குகுழியின்றி உறங்கலாமே என்ற நிம்மதிக்கு விழுந்தது. அதைத் தம் பீரங்கிக்கு விழுந்த மாலை என்று தில்லி எண்ணிக்கொண்டது. கொழும்பின் சினத்தில் பேரினவாத வெறி இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பெரிய நாடு நம்மை மிதிக்கிறதே என்று சிறிய நாட்டுக் குடிமகன் கொள்ளும் அச்சமும் அதில் இருந்தது. அந்த அச்சத்தை நாம் அறியாதவர்களா? வெள்ளைக்காரன் ஆட்சியில் அதைப் பரம்பரை பரம்பரையாகச் சுமந்தவர்கள் அல்லவா நாம்? சென்னையின் கைதட்டலோ, இனத்தின்மேல் வைத்த பாசத்தில் பிறந்தது. பாசம் தூயதுதான். எனினும், குண்டு விழாத தொலைவிலிருந்து எழுந்த கைதட்டல் அது.

அந்த ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். கையெழுத்திட்டவை இரண்டு அரசுகள். யாருடைய நல்வாழ்வுக்காக என்று சொல்லப்பட்டதோ, அந்தத் தமிழ் மக்களின் சார்பில் ஒரு கையெழுத்தும் இல்லை. 72 மணி நேரத்தில் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று குறித்தவர்கள், படை எந்த நாளில் ஊர் திரும்பும் என்று குறிக்கவில்லை. முதல் வாரத்தின் ஆரவாரத்தில் இந்த இரண்டு குறைகளையும் எடுத்துக்காட்டியவர்களின் குரல் எடுபடவில்லை.

விளைவு என்ன? செப்டம்பர் 15ஆம் நாள் நல்லூரில் உண்ணா நோன்பைத் தொடங்கிய திலீபன், நீரும் அருந்தாமல் 26ஆம் நாள் உயிர் துறந்தார். மாலையிட்ட கைகள் அன்று மார்பில் அறைந்து அழுதன. அக்டோபர் 10ஆம் நாள் அமைதிப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. படை இறங்கிய நாளிலிருந்து கணக்கிட்டால் 72 நாள்! ஈழமுரசு, முரசொலி ஆகிய இரண்டு யாழ்ப்பாண நாளேடுகளின் அச்சகங்கள் தகர்க்கப்பட்டன. ஏடு நடத்துவோரும் ஏடு படிப்போருமாகிய நாம் அதை மறக்கலாமா? அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணப் பொது மருத்துவமனைக்குள் படை நுழைந்தது. அங்கிருந்து புலிகள் சுட்டதாகப் படை கூறிற்று. மறுநாள் விடிந்து கணக்கெடுத்தபோது, நோயாளர், மருத்துவர், செவிலியர் என அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தனர்.

தெற்கே நடந்ததும் கொடுமைதான். ஒப்பந்தத்தின்மேல் சிங்கள மக்கள் கொண்ட சினத்தை ஜே.வி.பி. தன் ஆயுதக் கிளர்ச்சிக்கு எண்ணெயாக ஊற்றிக்கொண்டது. இந்தியப் பொருளை விற்காதே, வாங்காதே என்று மிரட்டல் விடுத்தது, மீறியவர்களைச் சுட்டது. வடக்கை இந்தியப் படை பார்த்துக்கொண்டதால், இலங்கைப் படை தெற்கே திரும்பிற்று. 1989 முடியுமுன் பல்லாயிரம் சிங்கள இளைஞர்கள் கொல்லப்பட்டனர். ஆற்றில் பிணங்கள் மிதந்தன. வடக்குக்கு அமைதி கொண்டுவரச் சென்ற படை, வடக்கும் தெற்கும் ஒருசேர எரிவதைக் கண்டது.

கடைசியில் நடந்த விந்தையைக் கேளுங்கள். 1989ஆம் ஆண்டு, குடியரசுத் தலைவராகிவிட்ட பிரேமதாசாவும் விடுதலைப் புலிகளும், ஒருவரையொருவர் பகைத்த அந்த இருவரும், இந்தியப் படை வெளியேற வேண்டும் என்பதில் மட்டும் கைகோத்தனர். 1990 மார்ச் 24ஆம் நாள் கடைசி வீரனும் திருகோணமலையிலிருந்து கப்பலேறினான். இந்திய வீரர்கள் ஏறத்தாழ 1,200 பேர் அம்மண்ணில் மடிந்திருந்தனர். அவர்கள் யார்? ஏழை உழவர் வீட்டுப் பிள்ளைகள்; கட்டளைக்குக் கட்டுப்பட்டுச் சென்றவர்கள். படை சென்னைத் துறைமுகம் வந்தபோது, முதலமைச்சர் கலைஞர் வரவேற்கச் செல்லவில்லை. 1987இல் கைதட்டிய அதே கடற்கரை நகரம், இரண்டே முக்கால் ஆண்டில் வேறு முகம் காட்டிற்று. பின்னர், 1991 மே 21ஆம் நாள் திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். தமிழகத்தின் உள்ளம் மீண்டும் ஒருமுறை மாறிற்று. மாறி மாறி அலைந்த உணர்ச்சிகளின் விலையை முகாம்களில் இருந்த அகதிகள் செலுத்தினர். நேற்று உறவென்று அணைக்கப்பட்டவர்கள், அன்று ஐயத்தோடு பார்க்கப்பட்டனர்.

இது நம் கடற்கரைக்கு மட்டும் உரிய கதை அன்று. உலகில் எந்தப் படையும் தன்னைப் படையெடுப்பு என்று அழைத்துக்கொள்வதில்லை. 1968 ஆகஸ்டு 20ஆம் நாள் இரவு, சோவியத் படையும் அதன் கூட்டாளிகளின் படைகளும் செக்கோஸ்லோவாகியாவில் புகுந்தன. சகோதர உதவி என்று அதற்குப் பெயர் சூட்டப்பட்டது. பிராக் நகர மக்கள் என்ன செய்தனர்? தெருப் பெயர்ப் பலகைகளையும் வீட்டு எண்களையும் கழற்றினர். வந்த படை வழி தெரியாமல் திண்டாடிற்று. ஐந்து நாள் கழித்து, மாஸ்கோவின் செஞ்சதுக்கத்தில் எட்டே எட்டுப் பேர் அமர்ந்து அதை எதிர்த்தனர். சில நிமிடங்களில் அடித்து இழுத்துச் செல்லப்பட்டனர். இத்தாலியப் பொதுவுடைமைக் கட்சியும் பிரெஞ்சுப் பொதுவுடைமைக் கட்சியும், மாஸ்கோவோடு தமக்கிருந்த உறவையும் மீறி, அப்படையெடுப்பை ஏற்கவில்லை என்று அறிவித்தன. நம்மவர் செய்தாலும் தவறு தவறுதான் என்று சொல்லும் துணிவு கட்சிகளுக்கும் வாய்க்கும் என்பதற்கு அது சான்று.

2022 பிப்ரவரி 24ஆம் நாள் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தது. இம்முறை பெயர், சிறப்பு இராணுவ நடவடிக்கை. அன்று ஒரே நாளில், ரஷ்ய நகரங்கள் பலவற்றில் எதிர்ப்புத் தெரிவித்த ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். எட்டு நாளில் புதுச் சட்டம் வந்தது: படையைப் பற்றிப் பொய்ச் செய்தி பரப்பினால் 15 ஆண்டு வரை சிறை. எது பொய் என்று முடிவு செய்வோர் யார்? போரைத் தொடங்கியவர்களே! மார்ச் 2ஆம் நாள் ஐ.நா. பொதுச்சபையில் 141 நாடுகள் அப்படையெடுப்பைக் கண்டித்தன. 5 நாடுகள் ரஷ்யாவின் பக்கம் நின்றன. இந்தியா உள்ளிட்ட 35 நாடுகள் ஒதுங்கி நின்றன. நம் வீடுகளில் அன்று எழுந்த முதல் கேள்வி, அங்கே மருத்துவம் படிக்கச் சென்ற நம் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதுதான். அது இயல்பு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் நம் பிள்ளைகள் திரும்பிய பின்னும், அங்கேயே பிறந்த பிள்ளைகள் நிலவறைகளில் கிடந்தார்களே, அவர்களைப் பற்றி எத்தனை பேர் கேட்டோம்?

படையை ஏவிய நாட்டு மக்களைப் பற்றி இதுவரை சொன்னேன். தாக்கப்பட்ட நாட்டு மக்களின் முதல் உணர்ச்சிக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. 1962 அக்டோபர் 20ஆம் நாள் சீனப்படை நம் எல்லைக்குள் பாய்ந்தது. தாய்மார்கள் கழுத்திலும் காதிலும் கிடந்ததைக் கழற்றிப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்தனர். தனிநாடு கேட்டுவந்த அறிஞர் அண்ணாவே அக்கோரிக்கையை ஒதுக்கிவைத்து, நாடு காக்கும் பணிக்குத் துணை நின்றார். பெருமைக்குரிய வரலாறு அது. ஆனால் அதே நாள்களில், தலைமுறை தலைமுறையாக இங்கு வாழ்ந்த சீன வம்சாவளியினர் ஏறத்தாழ 3,000 பேர், விசாரணையின்றி இராஜஸ்தானத்தின் தேவளி முகாமில் அடைக்கப்பட்டனர். கல்கத்தாவில் செருப்புத் தைத்தவனும், அஸ்ஸாமில் தச்சு வேலை செய்தவனும் என்ன குற்றம் செய்தான்? சிலர் வெளிவர ஐந்தாண்டு ஆயிற்று. மண்ணைக் காக்கும் ஆவேசத்தில், அந்த மண்ணில் வாழ்ந்த மனிதனை மறந்தோம்.

ஆகவே தோழர்களே, எல்லை தாண்டிப் படை சென்றது என்ற செய்தி எந்நாளில் வந்தாலும், யாருடைய படையாயினும், கொடியைத் தூக்குமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். உங்கள் கிளைக் கூட்டத்தில் கேளுங்கள், தேநீர்க் கடையில் கேளுங்கள். படை நுழைந்த மண்ணின் மக்கள் அதைக் கேட்டார்களா, கையெழுத்திட்டார்களா? அது திரும்பும் நாள் குறிக்கப்பட்டிருக்கிறதா? படை அனுப்பிய நாட்டில் அதை எதிர்த்துப் பேசுவோர் வெளியில் நடமாட முடிகிறதா? நம் தெருவில் வாழும் அந்நாட்டவர் அச்சமின்றி உறங்க முடிகிறதா? இவற்றுக்கு விடை வரும் வரையில் கைதட்டாதீர்கள்.

கோழை என்பார்கள்; பொறுத்துக்கொள்ளுங்கள். துரோகி என்பார்கள், அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள். செஞ்சதுக்கத்து எட்டுப் பேரை அன்று அப்படித்தான் ஏசினார்கள். முதல் வாரத்தில் கூட்டத்தோடு கூவுவதற்குக் கட்சி தேவையில்லை, கூட்டமே போதும். கூட்டம் கூவும்போது நின்று நிதானித்து, அக்கரையில் இருப்பவனும் மனிதன் என்று எடுத்துச் சொல்வதற்குத்தான் கட்சி வேண்டும், ஏடு வேண்டும், நீங்கள் வேண்டும்.

மண் பெரிது என்பதை மறுப்பார் இல்லை. ஆனால் மண்ணுக்குப் பெயரிட்டவர்கள் மக்கள். எல்லை வகுத்தவர்கள் மக்கள். அதற்காக மடிபவர்களும் மக்களே. மக்களே முந்தி! இதை உங்கள் ஊர்களுக்குச் சென்று சொல்லுங்கள்.