வாயில்லா நோயாளி கற்பித்த பாடம்



சிவகாசி என்ற பெயரைக் கேட்டவுடன் உங்கள் நினைவிற்கு வருவன தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலுமே ஆகும். அத்தகைய ஊரிலிருந்து ஒருவன் கால்நடை மருத்துவம் பயிலச் சென்றான் என்றால், "வெடிமருந்து மணக்கும் ஊரிலே மாட்டு வைத்தியனுக்கு என்ன வேலை?" என்று நீங்கள் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும், எங்கள் பக்கத்தில் தொழிற்சாலைகள் பெருகுவதற்கு எந்த வறட்சி துணை செய்ததோ, அதே வறட்சிதான் ஆடு வளர்ப்பையும் வளர்த்தது. மழை குறைந்த கரிசல் நிலத்தில் பயிரை மட்டும் நம்பி ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் உண்ண இயலாது. ஆகவே, ஆலைக்கு வேலைக்குச் செல்வோர் வீட்டிலும் கொல்லைப்புறத்தில் இரண்டு ஆடுகள் நிற்கும். பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு, பெண்ணின் சடங்கு, திடீரென வரும் நோய் ஆகிய எல்லாவற்றிற்கும் அந்த ஆடுகளே சேமிப்பு. நம் முன்னோர் செல்வத்தையே 'மாடு' என்ற சொல்லால் குறித்தமை வெறும் அலங்காரம் அன்று.

எங்கள் வட்டாரத்திற்கே உரிய உயிரினங்களும் சில உள்ளன. கரிய உடலும் முகத்தில் இரண்டு கோடுகளும் உடையது கன்னி ஆடு. கோடு வெண்மையாயின் பால்கன்னி என்றும், செம்மையாயின் செங்கன்னி என்றும் சொல்லுவார்கள். வெள்ளை உடலில் செம்பழுப்புத் திட்டுகள் படிந்த வேம்பூர்ச் செம்மறியைப் 'பொட்டு ஆடு' என்று அழைப்பார்கள். இராசபாளையம் நாயும் சிப்பிப்பாறை நாயும் நம் மண்ணின் பெயரையே தாங்கி நிற்பன. இவற்றை நான் பிறந்ததுமுதல் பார்த்து வந்தேன். ஆனால் 'பார்ப்பது' வேறு, 'அறிவது' வேறு என்பதைக் கல்லூரிதான் எனக்கு உணர்த்தியது.

நான் இப்படிப்பில் சேர்ந்தபோது வீட்டில் மகிழ்ச்சி இல்லை. என் தாய்மாமன் வெளிப்படையாகவே, "மனிதனுக்கு வைத்தியம் பார்ப்பாய் என்று நினைத்தால், மாட்டுக்குப் போகிறாயே, மருமகனே!" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை, கவலையோடு சொன்னார். அந்தக் கவலைக்கு என்னிடம் அப்போது விடை இல்லை. ஐந்தரை ஆண்டுக் காலப் படிப்பே அந்த விடையைச் சிறிது சிறிதாக எனக்குத் தேடித் தந்தது.

சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி 1903ஆம் ஆண்டு 20 மாணவர்களோடு தொடங்கப்பெற்றது. இந்தியாவில் ஒரு பல்கலைக்கழகத்தோடு முதன்முதலாக இணைந்த கால்நடை மருத்துவக் கல்லூரி அதுவே. 1989ஆம் ஆண்டு தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தோன்றியபோது, அதன் உறுப்பாயிற்று. நூற்றாண்டு கடந்த அந்தக் கட்டடங்களுக்குள் நுழையும்போது எனக்கிருந்த எண்ணம், நிறைய மருந்துகளின் பெயரைக் கற்றுக்கொள்ளப் போகிறோம் என்பதே. முதல் ஆண்டில் ஒரு மருந்தின் பெயரையும் எவரும் சொல்லித் தரவில்லை. எலும்புகளைக் கையில் கொடுத்தார்கள்!

மனித மருத்துவம் பயில்வோர் ஓர் உடலைக் கற்றால் போதும். எங்களுக்கோ பசு, குதிரை, ஆடு, நாய், கோழி எனப் பல உடல்கள். மனிதனுக்கு விலா எலும்புகள் 12 இணை, பசுவிற்கு 13, குதிரைக்கு 18. பசுவின் நாடியை வாலின் அடிப்புறத்தில் தொட்டுப் பார்க்க வேண்டும். குதிரைக்குத் தாடை எலும்பின் ஓரத்தில். நாய்க்குத் தொடையின் உட்புறத்தில். மனிதனுக்குக் கடுங்காய்ச்சல் எனத் தோன்றும் 102 பாகை வெப்பம் ஆட்டிற்கு இயல்பான நிலை. கோழிக்கோ ஏறத்தாழ 107 பாகை இயல்பு. ஆகவே, 'இயல்பு' என்பது எல்லா உயிர்க்கும் ஒன்றன்று என்பதே நான் கற்ற முதற்பாடம். ஒன்றைக் குறைபாடு என்று கூறுமுன், அதற்கு உரிய அளவுகோல் எது என்று கேட்டறிதல் வேண்டும். இந்தப் பழக்கம் மனிதரோடு பழகும்போதும் எனக்குப் பயன்பட்டு வருகிறது.

இரண்டாம் பாடம், கூர்ந்து நோக்கும் பொறுமை. எங்கள் நோயாளி, 'இங்கே வலிக்கிறது' என்று சொல்லாது. காது தொங்குகிறதா, மூக்கின் நுனி ஈரமாக இருக்கிறதா, அசை போடுகிறதா, எந்தக் காலில் பாரத்தைச் சாய்த்து நிற்கிறது, சாணம் எப்படி இருக்கிறது என்று கண்ணாலும் கையாலும் கேட்டுத்தான் அதன் கதையை அறிய வேண்டும். பள்ளியில் விடையை விரைவாகச் சொல்பவனே கெட்டிக்காரன் என்று எண்ணியிருந்தேன். தொழுவத்தில், விடை சொல்வதற்கு முன் கால் மணி நேரம் வாய் மூடி நிற்கத் தெரிந்தவனே கெட்டிக்காரன் என்று கண்டேன்.

மூன்றாம் பாடம், கையை அடக்குதல். அடைப்பான் என்றொரு கொடிய நோய் உண்டு. காலையில் நன்றாக மேய்ந்த மாடு மாலைக்குள் செத்துக் கிடக்கும். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கரிய குருதி கசியும். பிண ஆய்வு செய்யப் பழகிய மாணவனுக்குக் கை துறுதுறுக்கும். ஆனால் அந்த உடலை அறுத்தலே கூடாது. அறுத்தால், அந்நோய்க் கிருமி காற்றுப்பட்டு, கடினமான உறையுடைய வித்துக்களாக மாறி, அம்மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு காத்திருக்கும், மனிதரையும் பற்றும். காதிலிருந்து ஒரு சொட்டுக் குருதி எடுத்து நுண்ணோக்காடியில் பார்ப்பதோடு நிறுத்தி, உடலை எரிக்கவோ ஆழப் புதைக்கவோ வேண்டும். கத்தியைப் பிடிக்கக் கற்பது கல்வியின் பாதி. எப்போது பிடிக்கலாகாது என்று கற்பது மறு பாதி.

நான்காவதாக, இத்துறையின் வரலாறு எனக்குப் பெருமிதம் ஊட்டியது. 1761ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் லியோன் நகரில் குளோத் பூர்ழெலா என்பவர் உலகின் முதற்கால்நடை மருத்துவப் பள்ளியை நிறுவினார். ஐரோப்பாவின் மாடுகளை மந்தை மந்தையாக அழித்த வெக்கை நோயே அதற்கு ஒரு முக்கியத் தூண்டுதல். நம் நாட்டில் 1920களில் முக்தேசுவரம் ஆய்வுக்கூடத்தில் எட்வர்ட்ஸ் என்பவர் அந்நோய்க் கிருமியை ஆடுகளில் வளர்த்து, வலிமை குறைத்துத் தடுப்பு மருந்தாக்கினார். பின்னர் ஆப்பிரிக்காவில் பிளௌரைட் என்பவர் அதினும் சிறந்த தடுப்பு மருந்து கண்டார். எண்ணற்ற ஊழியர்கள் ஊர் ஊராகச் சென்று ஊசி போட்டார்கள். இந்தியாவில் அந்நோய் கடைசியாகக் காணப்பட்டது 1995ஆம் ஆண்டில். 2011ஆம் ஆண்டு உலகம் முழுவதும் வெக்கை நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் மனிதகுலம் பூண்டோடு ஒழித்த நோய் அது ஒன்றே. தொடக்கத்திலிருந்து முடிவு வரை 250 ஆண்டுகள்! ஒருவர் தொடங்கியதை அவர் பெயர் அறியாத மற்றொருவர் முடித்து வைக்கிறார். கல்வி என்பது இத்தகைய நீண்ட அஞ்சலோட்டம் என்று அறிந்தபோது, தேர்வு மதிப்பெண் பற்றிய என் அச்சமும் செருக்கும் ஒருங்கே குறைந்தன.

இனி, எல்லாவற்றினும் கடினமான பாடத்தைச் சொல்லுகிறேன். இறுதி ஓராண்டுப் பயிற்சிக் காலத்தில், எங்கள் கரிசல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் மருந்தகத்தில் சில நாட்கள் பணி செய்தேன். தீப்பெட்டி ஆலையில் வேலை பார்க்கும் ஓர் அம்மையார் தம் கறவைப் பசுவை ஓட்டி வந்தார். பால் வற்றிவிட்டது, தீனி எடுக்கவில்லை. பசு முழங்கைகளை வெளிப்புறம் விரித்து, முதுகை வளைத்து நின்றது. சரிவில் இறங்க மறுத்தது. கழுத்து நரம்பு கயிறு போலப் புடைத்திருந்தது; அலைதாடி வீங்கித் தொங்கிற்று. நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டேன். குடத்து நீர் அலம்புவது போன்ற ஒலி கேட்டது. காரணம் விளங்கிவிட்டது.

பசு தீனியை நன்றாக மென்று விழுங்குவதில்லை. முதலில் விழுங்கிவிட்டுப் பின்னர் அசை போடும். தீனியோடு ஆணியோ கம்பியோ கலந்திருந்தால், அது தேன்கூடு போன்ற இரண்டாம் இரைப்பையில் தங்கிவிடும். அவ்விரைப்பைக்கும் இதயத்திற்கும் இடையே இருப்பது மெல்லிய உதரவிதானம் மட்டுமே. கம்பி முன்னோக்கிக் குத்தினால் இதயத்தின் உறை சீழ்பிடிக்கும். அந்த நிலையை எட்டியபின் மீட்பது மிக அரிது.

"தம்பி, பிழைச்சிடுமா?" என்று அவர் கேட்டார். என்னோடிருந்த மூத்த மருத்துவர், என்னையே விடை சொல்லும்படி சைகை காட்டினார். ஓர் ஊசியைப் போட்டு, "பார்க்கலாம், அம்மா" என்று கூறி அனுப்புவது எளிது. அவரும் கடன் வாங்கி மருந்து வாங்கியிருப்பார். அப்பசு பிழைக்க வழி இல்லையென்றும், மேலும் கடன்பட வேண்டாமென்றும், அதன் வலியைக் குறைக்க இயன்றதைச் செய்கிறோமென்றும் நான் கூறினேன். அவர் அழவில்லை, பசுவின் நெற்றியைத் தடவிக்கொண்டே நெடுநேரம் நின்றார். நான்காம் நாள் பசு இறந்தது. அவருடைய இசைவு பெற்று ஆய்வு செய்தோம். விரல் நீளத்தில் துருவேறிய கம்பி ஒன்று கிடைத்தது. கட்டுக்கம்பியா, மத்தாப்புக் கம்பியா என்று சொல்ல இயலாதபடி அது அரித்திருந்தது. அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "இவ்வளவுதானா!" என்றார்.

நண்பர்களே, என் மாமன் கவலைக்கு விடை எனக்கு அன்றுதான் கிடைத்தது. அந்த வீட்டின் பால், பிள்ளைகளின் படிப்பு, கூலியில்லா நாட்களின் சோறு அனைத்தும் அந்தப் பசுவின்மேல் நின்றன. மாட்டுக்கு வைத்தியம் பார்ப்பவன் மனிதனுக்கும்தான் வைத்தியம் பார்க்கிறான்.

அவ்வாண்டு தீபாவளிக்கு மறுநாள் ஒரு காந்தத்தை நூலில் கட்டி, எங்கள் தெருப் புழுதியில் இழுத்துச் சென்றேன். பத்தடி தூரத்திற்குள் மத்தாப்புக் கம்பிகள் கொத்தாக ஒட்டிக்கொண்டன. பார்த்த சிறுவர்கள் ஆளுக்கொரு தகரக் குவளை எடுத்துக்கொண்டு பொறுக்கத் தொடங்கினார்கள். விலையுயர்ந்த மருந்தால் ஆகாததை விலையில்லா அறிவு தடுக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. மாட்டின் வயிற்றிலேயே காந்தத்தைச் செலுத்தி, கம்பியை அங்கேயே பிடித்து நிறுத்தும் முறையும் உண்டு. ஆனால் அதனினும் நல்லது, தெருவிலேயே பிடித்து நிறுத்துவது!

இன்று நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி முதலிய ஊர்களிலும் இக்கல்வி கிடைக்கிறது. நீங்கள் அனைவரும் கால்நடை மருத்துவர் ஆக வேண்டுமென்று நான் சொல்லவில்லை. எந்தத் துறையைப் பயின்றாலும், அதன் அளவுகோலை அறியுங்கள், பேசுமுன் பாருங்கள், கையை எப்போது அடக்குவது என்று கற்றுக்கொள்ளுங்கள், கசப்பான உண்மையையும் கனிவோடு சொல்லப் பழகுங்கள். வருகின்ற தீபாவளியன்று மத்தாப்புக் கொளுத்தி மகிழுங்கள். மறுநாள் காலையில், உங்கள் வீட்டு வாசலில் கிடக்கும் கம்பிகளை மட்டும் மறவாமல் பொறுக்கிவிடுங்கள்.