ஒட்டுப்படமும் ஓட்டுப்பெட்டியும்

ஒரு படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். படம் என் கையில் இல்லை; சொல்லால் தீட்டிக் காட்டவேண்டும். நாடகம் எழுதுகிறவனுக்கு அது பழகிய வேலைதான்.

படத்தில் இருவர் இருக்கின்றனர். இடப்புறத்தில் இருப்பவர் பேசுகிறார். வலப்புறத்தில் இருப்பவர் செவியைத் தந்து, சிந்தையைத் தந்து கேட்கிறார். பேசுபவர் ஏர்ல் பிரவுடர். அமெரிக்கக் கம்யூனிஸ்டுக் கட்சியின் தலைவராக இருந்தவர். கேட்பவர் மில்லார்ட் டைடிங்ஸ். மேரிலாந்து மாநிலத்தின் செனட்டர். பார்ப்பவர் என்ன எண்ணுவார்? பல நாள் நட்பு, பக்கத்தில் அமர்ந்து பேசும் நெருக்கம் என்றுதானே எண்ணுவார்!

அந்தப் படம் நான்கு பக்க ஏடொன்றில் அச்சேறி, 1950 நவம்பர்த் தேர்தலுக்குச் சில நாட்களே எஞ்சியிருந்த வேளையில், இலட்சக்கணக்கான படிகளாக மேரிலாந்தின் இல்லங்களுக்குள் நுழைந்தது. நவம்பர் 7 ஆம் நாள் வாக்குப் பதிவு. 1927 முதல் செனட் சபையில் வீற்றிருந்த டைடிங்ஸ், அதுவரை பதவி எதுவும் பெரிதாக வகித்திராத பால்டிமோர் வழக்கறிஞர் ஜான் மார்ஷல் பட்லரிடம் ஏறத்தாழ 43,000 வாக்குகளில் தோற்றார்.

படமோ பொய்! கத்தரிக்கோலும் பசையும் கூடிப் பெற்ற பிள்ளை! டைடிங்ஸ் 1938 இல் வானொலி கேட்டுக்கொண்டிருந்தபோது எடுத்த படம் ஒன்று. பிரவுடர் வேறோரிடத்தில், வேறொரு நாளில் பேசிக்கொண்டிருந்தபோது எடுத்த படம் இன்னொன்று. இரண்டையும் வெட்டினர், ஒட்டினர், வீதிக்கு அனுப்பினர். படத்துக்கு அடியில், சிறிய எழுத்து வரிகளுக்கு நடுவே, இது இணைத்த படம் என்று ஒரு சொல்லையும் போட்டுவைத்தனர். என்ன நேர்மை பாருங்கள்! நாளை வழக்கு வந்தால் நீதிபதிக்குக் காட்ட அந்தச் சொல். இன்று வாக்காளனுக்குக் காட்ட அந்தப் படம்.

யார் இந்த டைடிங்ஸ்? பொதுவுடைமைக்காரரா? புரட்சிக்காரரா? இல்லை, தோழர்களே, இல்லை. முதல் உலகப் போரில் பிரான்சு மண்ணில் போரிட்டு வீரப்பதக்கம் பெற்றவர். தம் ஜனநாயகக் கட்சியிலேயே பழமைப் பக்கம் நின்றவர். குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஏழை எளியோருக்கெனக் கொண்டுவந்த திட்டங்கள் பலவற்றை எதிர்த்தவர். சினம் கொண்ட ரூஸ்வெல்ட், 1938 இல் மேரிலாந்துக்கே வந்தார். டைடிங்சைக் கட்சியின் வேட்பாளராக்காதீர், இளமையில் சுரங்கத் தொழிலாளியாக இருந்த டேவிட் லூயிசைத் தேர்ந்தெடுங்கள் என்று கேட்டார். நாடாளும் தலைவரே நேரில் வந்து கேட்டும் மேரிலாந்து மறுத்தது. டைடிங்ஸ் வென்றார். அதே 1938 இல் எடுத்த படத்தைத்தான் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அவருடைய எதிரிகள் வெட்டினர்!

இன்னொரு செய்தியும் சொல்லவேண்டும். நமக்கு அவர்மீது சிறிது மதிப்பு வரக்கூடிய செய்தி. பிலிப்பைன்ஸ் நாட்டுக்கு விடுதலை நாள் குறித்த 1934 ஆம் ஆண்டுச் சட்டம் டைடிங்ஸ், மக்டஃபி என்னும் இருவர் பெயரால் வழங்குவது. அதன்படியே 1946 சூலை 4 இல் அந்த நாடு தனிக்கொடி ஏற்றியது. ஆட்சி செய்த நாட்டின் அவையிலிருந்தே ஆளப்பட்ட நாட்டின் விடுதலைக்குச் சட்டம் எழுதியோர் பட்டியல் நீண்டதன்று.

இத்தகையவர் மீது சிவப்புச் சாயம் ஏன் வீசப்பட்டது? 1950 பிப்ரவரி 9 ஆம் நாள், மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில், விஸ்கான்சின் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி ஒரு கூட்டத்தில் பேசினார். அரசின் வெளிவிவகாரத் துறையில் கம்யூனிஸ்டுகள் இருக்கின்றனர், பட்டியல் இதோ என் கையில் என்றார். 205 பேர் என்று சொன்னதாகச் செய்தி வந்தது. அடுத்த ஊரில் 57 ஆயிற்று. செனட் சபையில் 81 ஆயிற்று. சந்தையில் கத்தரிக்காய் விலைகூட இத்தனை விரைவில் ஏறி இறங்காது!

உண்மையை ஆராய ஒரு துணைக்குழு அமைத்தனர். அதன் தலைவர்தான் டைடிங்ஸ். பிரவுடரும் அக்குழுமுன் சாட்சியாக அழைக்கப்பட்டார். அவர் 1946 இலேயே தம் கட்சியிலிருந்து விலக்கப்பட்டவர் என்பது வேறு கதை. ஆக, இருவரும் ஓர் அறையில் இருந்ததுண்டு. ஒருவர் விசாரிப்பவராக, மற்றவர் விசாரிக்கப்படுபவராக. பொய்யர்கள் வெறுங்காற்றில் கயிறு திரிப்பதில்லை, தோழர்களே. ஒரு நூலளவு உண்மையை எடுத்துக்கொண்டுதான் தேர்வடம் திரிப்பார்கள்.

சூலையில் குழுவின் பெரும்பான்மையோர் அறிக்கை தந்தனர். மெக்கார்த்தியின் குற்றச்சாட்டுகள் மோசடி, புரட்டு என்று அது அறைந்து சொன்னது. டைடிங்ஸ் பணி முடிந்ததென்று எண்ணியிருக்கலாம். மெக்கார்த்திக்கு அப்போதுதான் பணி தொடங்கிற்று. அவரே மேரிலாந்துக்கு வந்து பேசினார். அவருடைய அலுவலகத்தார் பட்லரின் தேர்தல் வேலையில் உதவினர். வாஷிங்டன் நகர நாளேடொன்றின் ஊழியர்கள் அந்த நான்கு பக்க ஏட்டை உருவாக்க உதவினர். சிகாகோவிலிருந்து ஒரு விளம்பர வித்தகர் வந்து தேர்தல் பொறுப்பை ஏற்றார். கொரியாவில் போர். நாள்தோறும் சாவுச் செய்தி. படைத்துறைக் குழுவுக்கும் தலைவர் டைடிங்ஸ்தான். ஆகவே அந்தக் குருதிக்கும் அவரே பொறுப்பு என்று எழுதினர்.

தேர்தலுக்குப் பின் என்ன நடந்தது? 1951 இல் செனட் துணைக்குழு ஒன்று விசாரித்தது. இரு கட்சியாரும் இருந்த குழு அது. மெக்கார்த்தியின் கட்சிக்காரராயிருந்தும் முந்திய ஆண்டு சூன் முதல் நாளே அவருடைய போக்கைக் கண்டித்துச் சபையில் எழுந்து பேசிய மார்கரெட் சேஸ் ஸ்மித் அம்மையாரும் அதில் ஓர் உறுப்பினர். படத்தை இழிசெயல் என்றது அறிக்கை. சிகாகோ வித்தகர், தேர்தல் செலவுக் கணக்குச் சட்டத்தை மீறியதாக ஒப்புக்கொண்டு 5,000 டாலர் தண்டம் கட்டினார். இடம்? அது பட்லருடையதாகவே இருந்தது! அறிக்கை நூலகத்துக்குப் போயிற்று. பட்லர் நாற்காலிக்குப் போனார்.

இவ்வளவோடு நான் நிறுத்தியிருந்தால் நீங்கள் கைதட்டுவீர்கள். ஒட்டுப்படம் ஒரு செனட்டரைக் கவிழ்த்தது என்று வீட்டுக்குப் போய்ச் சொல்வீர்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் மேடைதோறும் முழங்கிவந்தேன். கல்லூரியைப் பாதியில் விட்டு வந்தவன். கிடைத்ததைப் படித்தேன், கிளர்ச்சி தருவதைச் சொன்னேன். பிறகு வாக்குக் கணக்கைப் பார்க்க நேர்ந்தது. கணக்கு என் வாயை அடைத்தது.

பாருங்கள். அதே நாளில், அதே மேரிலாந்தில், ஆளுநர் தேர்தலும் நடந்தது. டைடிங்சின் கட்சியைச் சேர்ந்த ஆளுநர் லேன், மெக்கெல்டினிடம் தோற்றார். எத்தனை வாக்கு வித்தியாசத்தில்? டைடிங்ஸ் தோற்ற வித்தியாசத்தைப் போல் இருமடங்குக்கும் மேல்! லேனை யாருடன் ஒட்டிப் படம் போட்டார்கள்? எவருடனும் இல்லை. அவர் 1947 இல் விற்பனை வரி போட்டிருந்தார், மக்கள் மறக்கவில்லை. போதாதற்கு, அவ்வாண்டு கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்வில் மகோனி என்பவர் மக்கள் வாக்கை மிகுதியாகப் பெற்றார். மாவட்டவாரிக் கணக்கு முறையோ லேனுக்கு வெற்றி தந்தது. அந்தப் புண் ஆறுமுன்னே தேர்தல் வந்தது.

இன்னொன்று. டைடிங்ஸ் தலைமை வகித்த துணைக்குழுவில் பிரையன் மக்மஹனும் இருந்தார். கனெக்டிகட் மாநில செனட்டர். அவரும் அதே அறிக்கையில் கையொப்பமிட்டவர்; அதே 1950 நவம்பரில் தேர்தலைச் சந்தித்தவர்; மெக்கார்த்தி அவரையும் எதிர்த்துப் பேசினார். மக்மஹன் வென்றார்.

அப்படியானால் டைடிங்ஸ் வீழ்ந்தது எதனால்? பால்டிமோரின் கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்களுக்குப் போகவேண்டும். சம உரிமைக்காக ஏங்கிய அம்மக்களுக்கு, இத்தனை ஆண்டுகளாக அந்த செனட்டர் என்ன செய்தார்? தொழிற்சங்கத்தார்க்கு என்ன செய்தார்? 1938 இல் சுரங்கத் தொழிலாளியை வீழ்த்தியபோது அவர் பெற்ற புகழ் பணக்காரர் மாளிகையில் ஒலித்த புகழ். 1950 இல் அந்தத் தெருக்கள் அவருக்குக் கதவைச் சாத்தின. கறுப்பின வாக்காளர் அவரை மறுத்தது படத்தைப் பார்த்தன்று, அவரைப் பார்த்து.

என் கணிப்பைச் சொல்கிறேன். அந்த ஏடு வீட்டுக்கு வந்த மாலையில், "அண்ணே, இது ஒட்டின படம், நம்பாதீங்க" என்று அடுத்த வீட்டுக்காரர் ஒருவர் சொல்லவேண்டும். சொல்வதற்கு அவருக்கு ஒரு காரணம் வேண்டும். செனட்டர் அந்தக் காரணத்தை அவருக்குக் கொடுத்திருக்கவில்லை. குழுவின் அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம். அது வாஷிங்டனில் கிடந்தது. பொய் நான்கே பக்கம். அது வாசற்படியில் கிடந்தது. இன்று கணிப்பொறி முகத்தை மட்டுமா, குரலையும் நடையையும் ஒட்டித் தருகிறது. கத்தரிக்கோல் கூடத் தேவையில்லை. அதனால்தான் பழைய படத்தைத் தூசி தட்டி உங்கள்முன் வைக்கிறேன்.

ஆனால் அன்று வாஷிங்டனில் இந்தக் கணக்கை யார் போட்டார்கள்? 96 செனட்டர்கள் இருந்த சபையில், டைடிங்சின் காலியான நாற்காலியைப் பார்த்தவர்களுக்குத் தங்கள் நாற்காலி ஆடுவதாகத் தோன்றியது. இல்லினாயில் அவர்களுடைய தலைவர் லூக்காசும் அதே நாளில் தோற்றிருந்தார். அதையும் மெக்கார்த்தியின் கணக்கில் வரவு வைத்தனர். தொட்டவனைத் தோற்கடிப்பான் மெக்கார்த்தி என்ற பேச்சு பரவிற்று. இது இரண்டாவது ஒட்டுப்படம், தோழர்களே! முதல் படத்தை எதிரி ஒட்டினான். இதைப் பயந்தவர்கள் தாமே தம் நெஞ்சில் ஒட்டிக்கொண்டனர். 1951 இல் மெக்கார்த்தியைச் சபையிலிருந்து நீக்கவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவர் வில்லியம் பென்டன் ஒருவரே. 1952 தேர்தலில் அவர் தோற்றார்; ஐசனோவர் அலையில் பலர் தோற்ற ஆண்டு அது. பயந்தவர்களோ, "பார்த்தீர்களா!" என்றனர்.

1954 டிசம்பர் 2 ஆம் நாள்தான் செனட் சபை 67க்கு 22 என்ற கணக்கில் மெக்கார்த்தியைக் கண்டித்தது. கண்டனத்தின் ஒரு பகுதி, முன்பு தம்மை விசாரித்த தேர்தல் துணைக்குழுவை அவர் இழிவுபடுத்தியது பற்றியது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் வேலை இழந்த ஆசிரியர் எத்தனை, எழுத்தாளர் எத்தனை, பெயர் கெட்டுப் பிழைப்புக் கெட்ட ஊழியர் எத்தனை! அவர்களில் பெரும்பாலோர்க்கு மேரிலாந்து எந்தத் திசையில் இருக்கிறதென்பதுகூடப் பொருட்டில்லை.

டைடிங்ஸ் 1956 இல் மீண்டும் களம் புகுந்தார். கட்சியின் வேட்பாளராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். நோய் வந்து தடுத்தது, விலகினார். 1961 இல் மறைந்தார். பட்லர் 1956 தேர்தலிலும் வென்றார். பன்னிரண்டு ஆண்டுகள் செனட்டராக இருந்துவிட்டு 1963 சனவரியில் வெளியேறினார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் மேரிலாந்து வேறொரு டைடிங்சை அதே சபைக்கு அனுப்பியது. அவர் பெயர் ஜோசப். மில்லார்டின் வளர்ப்பு மகன்.