பிரேக்கில் பழுது, இஞ்சினில் நடுக்கம்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் மேடைப் பேச்சாளன் அல்லன். தோட்டத்து இயந்திரங்களோடு காலம் கழித்தவன். பழைய கார் வாங்கி ஓட்டும் நம்மவர்களுக்குப் பயன்படும் செய்தி ஒன்றைச் சொல்லவே வந்தேன்.

பால்வெட்டும் நண்பர் ஒருவர், பலர் கைமாறிய கார் ஒன்றை வாங்கினார். ஓடும்போது நன்றாக ஓடும். நின்றால் இஞ்சின் கிடுகிடுவென நடுங்கும். பட்டறையில் பிளக்கை மாற்றினார்கள்; கார்புரேட்டரைக் கழுவினார்கள்; கடைசியில் திருகாணியைத் திருகி இஞ்சின் வேகத்தைக் கூட்டிவிட்டார்கள். நடுக்கம் அடங்கியது, ஒரு மாதச் சம்பளமும் கரைந்தது. பத்து நாள் கழித்து, லயத்துக்கு இறங்கும் சரிவில் பிரேக்கை மிதித்தார். மிதி கல்லைப்போல் இறுகி நின்றது. இரண்டு காலையும் ஊன்றி வண்டியை நிறுத்தியபோது, பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் பத்தடி தூரத்தில் நின்றார்கள்.

பிரேக்குக்கும் இஞ்சின் நடுக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இஞ்சின் அறையின் பின்சுவரில், பிரேக் மிதிக்கு நேரே, சட்டி போன்ற ஒன்று இருக்கும். அதுதான் பூஸ்டர். அதனுள்ளே குறுக்காக ஒரு ரப்பர்ச் சவ்வு. பெட்ரோல் இஞ்சின் மூச்சிழுக்கும் விசை, ஒரு குழாய் வழியே அந்தச் சட்டியின் காற்றை உறிஞ்சிவிடுகிறது. நாம் மிதிக்கும்போது சவ்வின் ஒரு புறம் மட்டும் வெளிக்காற்று புகுந்து தள்ளும். அந்தத் தள்ளுதலே நம் காலுக்குத் துணை.

சவ்வு கிழிந்தாலோ, குழாய் வெடித்தாலோ, கணக்கில் வராத காற்று இஞ்சினுக்குள் புகும். காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்தால் இஞ்சின் நடுங்கும், அணைந்தும் போகும். கம்ப்யூட்டர் வைத்த சில கார்களில் இஞ்சின் வேகம் தானே ஏறும். வண்டி ஓடும்போது இஞ்சின் ஏராளமாகக் காற்றை இழுப்பதால், இந்தக் கசிவு தெரிவதில்லை. நின்றபடி ஓடும்போதுதான் நோய் வெளிப்படும்.

இதைக் கண்டுபிடிக்கக் காசு வேண்டியதில்லை. சமதரையில் கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

முதலாவது: இஞ்சினை நிறுத்தி, மிதி இறுகும்வரை ஐந்தாறு முறை மிதியுங்கள். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி சற்றே கீழிறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டருக்கு உறிஞ்சுவிசை வரவில்லை, அல்லது பூஸ்டரே பழுது.

இரண்டாவது: இஞ்சின் ஓடும்போது மிதித்துப் பிடியுங்கள். இஞ்சின் ஒரு கணம் தடுமாறி நிமிர்ந்தால் குற்றமில்லை. மிதித்திருக்கும் வரை நடுங்கினாலோ, மிதியின் அருகே 'உஸ்' என்ற சத்தம் ஓயாமல் கேட்டாலோ, பூஸ்டரைச் சந்தேகியுங்கள்.

மூன்றாவது: இஞ்சினை நிறுத்தி, பூஸ்டர் குழாயை இஞ்சின் பக்கத்தில் கழற்றி, அந்த வாயை இறுக அடைத்துவிட்டு ஓடவிடுங்கள். நடுக்கம் நின்றால், கசிவு குழாயிலோ, அதன் வால்விலோ, பூஸ்டரிலோ இருக்கிறது. நிற்காவிட்டால் வேறிடம் தேடுங்கள். சோதனை முடிந்ததும் குழாயை மாட்ட மறவாதீர்கள். அடைத்தபடி ஒரு கெஜமும் ஓட்டலாகாது.

பூஸ்டரையே மாற்றச் சொன்னால், முதலில் குழாயையும் வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள். அவை விலை குறைந்தவை. பிரேக் எண்ணெய் குறைகிறது, தரையில் ஈரமில்லை என்றால், அது பூஸ்டருக்குள் இறங்கி இஞ்சினுக்கும் போகலாம். புகைபோக்கியில் வெள்ளைப்புகை அதற்கு அடையாளம். அப்போது மாஸ்டர் சிலிண்டரையும் பார்க்க வேண்டும்.

டீசல் லோரிக்காரர்களே, இந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. டீசல் இஞ்சினில் இத்தகைய உறிஞ்சுவிசை கிடைப்பதில்லை. அங்கே தனிப் பம்பு உண்டு, அல்லது காற்று பிரேக் உண்டு.

தோழர்களே! வாளியில் ஓட்டை இருக்கும்போது பால் போதவில்லை என்று மரத்தை மறுபடி வெட்டுவோமா? மரந்தான் பாழாகும். திருகாணியைத் திருகி நடுக்கத்தை மறைப்பதும் அப்படியே. இஞ்சின் நடுங்குவது நமக்குச் சொல்லும் எச்சரிக்கை. அதன் வாயை அடைக்காமல், காரணத்தைத் தேடுங்கள். சம்பளமும் மிஞ்சும், சாலையில் நடக்கும் நம் பிள்ளைகளும் பத்திரமாக வீடு வருவார்கள்.