பீட்டர் கிரேவன்: அபிமானிகள் மறவாத பந்தய வீரர்

(மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கத்தின் சாரம்)



பூதவுடல் அழியினும் புகழுடல் அழியாது என்பது நம் முன்னோர் கொள்கை. அப்புகழுடலைப் பேணுவோர் யாவர் என்று ஆராய்வதற்கு, இங்கிலாந்து தேசத்து மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் ஒருவரின் சரித்திரத்தை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

முதற்கண் அவ்விளையாட்டின் இயல்பைக் கூறுதல் அவசியம். அதற்கு ஸ்பீட்வே என்று பெயர். முட்டை வடிவமான மண்பாதையில் நால்வர் ஒருசேரப் புறப்பட்டு, இடப்புறமாக நான்கு சுற்றுச் சுற்றி வருவர். வண்டிக்குக் கியர் ஒன்றே. பிரேக் என்பது அறவே கிடையாது. வளைவில் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டு, இரும்புத் தகடு பூட்டிய இடது காலைத் தரையில் உராயவிட்டுத் திரும்புதல் வேண்டும். முதல்வருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசியில் வந்தவருக்கு ஒன்றுமில்லை. ஒரு நிமிஷத்திற்குச் சற்று ஏறக்குறைய ஒரு பந்தயம் முடிந்துபோம்.

பீட்டர் கிரேவன் 1934-ஆம் ஆண்டில் லிவர்பூல் நகரில் பிறந்தவர். குள்ளமான உருவினர். பெருவலி படைத்தோர் புஜபலத்தால் அடக்கிய வண்டியை இவர் உடலின் சமநிலை ஒன்றாலேயே வசப்படுத்தினார். ஆதலின் சமநிலையில் வல்ல மந்திரவாதி என்று ஜனங்கள் இவரை அழைக்கலாயினர். மான்செஸ்டர் நகரத்துப் பெல் வ்யூ அணியில் சேர்ந்து, 1955-ஆம் ஆண்டிலும் 1962-ஆம் ஆண்டிலும் உலக வீரர் பட்டம் பெற்றார். ஆங்கிலேயருள் அப்பட்டத்தை இருமுறை பெற்றவர்களில் இவரே முதல்வர். ஸ்வீடன் தேசத்து ஓவே ஃபுண்டின், நியூஜீலந்தின் பாரி பிரிக்ஸ், ரானி மூர் ஆகிய மகாவீரர்கள் செழித்திருந்த காலத்தில் இதனைச் சாதித்தார் என்பது கருதத்தக்கது. இவருக்குப் பின் 1976 வரையில் வேறோர் ஆங்கிலேயருக்கும் அப்பட்டம் கிட்டவில்லை.

1963-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் தேதி, ஸ்காத்லாந்தின் எடின்பரோ நகரில், பழைய மெடோபேங்க் மைதானத்தில் இவர் ஓட்டிக்கொண்டிருக்கையில், முன் சென்ற வீரர் ஒருவர் பாதையில் வீழ்ந்தார். பிரேக் இல்லாத வண்டியை நிறுத்துவதெங்ஙனம்? வீழ்ந்தவர்மேல் ஏறாதபடி கிரேவன் வண்டியைத் திருப்பினார், வேலியில் மோதினார். நான்கு நாட்கள் கழித்து, செப்டம்பர் 24-ஆம் தேதி உயிர் நீத்தார். வயது 29.

அச்செயல் யோசித்துச் செய்ததா, பழக்கத்தால் நேர்ந்ததா என்று யாரே அறுதியிட்டு உரைக்க வல்லார்? ஆயினும், யோசிப்பதற்கு அவகாசமில்லாத வேளையில் வெளிப்படுவதே ஒருவனுடைய மெய்யான சுபாவம் என்று நான் கருதுகிறேன். பட்டங்களைப் பட்டியல் சொல்லும். அபிமானிகளின் நெஞ்சில் இவருக்குத் தனியிடம் கிடைத்தமைக்கு அந்தக் கடைசித் திருப்பமும் ஒரு காரணமாம்.

அவருடைய பெயரால் பெல் வ்யூவில் ஞாபகார்த்தப் பந்தயம் நடத்தலாயினர். அவர் ஓட்டிய ஹைட் ரோடு மைதானத்திலோ 1987-ஆம் ஆண்டோடு பந்தயங்கள் நின்றுபோயின. பாதை போயிற்று, எஞ்சியிருப்பன மனிதர் நினைவுகளும் காகிதங்களுமே. அக்காலத்து ரசிகர்கள் நிகழ்ச்சி நிரலை விலைக்கு வாங்கி, ஒவ்வொரு பந்தயத்தின் புள்ளிகளையும் பென்சிலால் அதில் குறித்துக்கொள்வது வழக்கம். இஞ்சினுக்கு வார்த்த ஆமணக்கெண்ணெய் புகைந்தெழும் வாசனை அவ்விளையாட்டைக் கண்டோர் அனைவருக்கும் ஞாபகமுண்டு. நம் வீடுகளில் விளக்கெண்ணெய் என வழங்கும் அப்பொருள், அவர்களுக்கு இளமையையே திரும்ப அழைத்துவரும் மருந்தாயிற்று.

நினைவு வளர்ந்துகொண்டே போகும் இயல்புடையது. ஒரு வண்டி தூரத்தில் வென்ற வீரரை, ஆண்டுகள் பல கழிந்தபின் ஒரு சுற்றுத் தூரத்தில் வென்றார் என்று முதியோர் கூறக்கூடும். பென்சில் குறிப்போ எத்தனை புள்ளி என்பதை மாத்திரம் கூறி மௌனமாகிவிடும். கண்டவர் மெய்சிலிர்த்ததை அது அறியாது. ஆகவே இரண்டும் வேண்டும். குறிப்பு நினைவைத் திருத்தும். நினைவு குறிப்புக்கு உயிர் கொடுக்கும்.

1955-இல் பத்து வயதுச் சிறுவராய் வேலியோரம் நின்று கிரேவனைக் கண்டவர்கள் இன்று எண்பதைத் தொட்டுவிட்டனர். அவர்களைக் கேட்டு எழுதிவைப்பதற்குரிய காலம் குறுகிவருகிறது. அயல்நாட்டு விளையாட்டைப்பற்றிய இச்செய்தி நமக்கும் பொருந்தாமற் போகவில்லை. நம் இல்லங்களிலும் மல்லரையும், நாடக நடிகரையும், நாதஸ்வர வித்வான்களையும் நேரிற் கண்ட பாட்டன்மாரும் பாட்டிமாரும் இருக்கின்றனர். இன்றிரவே அவர்களருகில் அமர்ந்து கேளுங்கள். கேட்டதைத் தேதியோடும் ஊரோடும் எழுதிவையுங்கள். நாளை என்று தள்ளின் கேட்பதற்கு ஆளிராது.