மலையைப் படிக்கும் நூல்நிலையம்



நூல்நிலையம் என்றதும் அலமாரியும் அமைதியுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. மண்ணையும் மழைநீரையும் காக்கும் பணிக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். அவ்வினாவுக்கு விடை தேட, ஊவா மாகாணத்துக் கொஸ்லந்தைக்கு உங்களை அழைக்கின்றேன்.

அவ்வூருக்கு அருகிலுள்ள மீரியபெத்த தோட்டத்தில், 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, மலைச்சரிவு பெயர்ந்து லயன்களின்மேல் இறங்கிற்று. பள்ளிக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் பலர் தப்பினர். ஆனால், திரும்பிச் செல்ல அவர்களுக்கு வீடு இருக்கவில்லை.

எதிர்பாராது வந்த இடர் என்று இதனைச் சொல்வதற்கில்லை. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. அறிவு இருந்தது, கோப்பிலே இருந்தது. கோப்பில் உறங்கும் அறிவை எழுப்பி, அதற்கு உரியவர் கையிற் சேர்ப்பது நூல்நிலையத்தின் தொழில் அன்றோ?

மலைநாட்டு நூல்நிலையம் ஒன்றின் சுவரில், அவ்வட்டாரத்தின் மண்சரிவு அபாய வரைபடம் தமிழில் தொங்கட்டும். முற்றத்தில் ஒரு மழைமானி நிற்கட்டும். இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு. 100 ஆனால் ஆயத்தம். 150ஐ எட்டினால் வெளியேற்றம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் இவ்வெண்களைக் கரும்பலகையில் எழுதலாம்.

அருகிலே ஒரு பதிவேடும் வேண்டும். நிலத்தில் புதிய வெடிப்பு, திடீரெனத் தோன்றிய ஊற்று, கலங்கி ஓடும் நீர், சாய்ந்த மரம், நேற்றுவரை மூடிய கதவு இன்று மூடாமை: இவையெல்லாம் மலை தரும் முன்னறிவிப்புகள். எந்தக் கான் எங்கே வெட்டப்பட்டது, எது தூர்ந்தது என்பதை முதிய தொழிலாளர் அறிவர். கான் அடைபட்டால் ஓடவேண்டிய நீர் மண்ணுக்குள் இறங்குகின்றது. மண்ணின் பாரம் ஏறுகின்றது, பிடிப்புத் தளர்கின்றது. ஒரு கான் தூர்ந்தால் என்ன என்று கேட்போர் பெரும்பாலும் சமவெளியில் வாழ்பவர்களே! அம்முதியோர் சொல்வதைக் கேட்டு எழுதிவைக்க ஒருவர் இருந்தால், அதுவும் ஒரு நூலேயாகும்.

லயத்திலிருந்து நூல்நிலையம் தொலைவாயிற்றே எனலாம். 1931ஆம் ஆண்டிலேயே மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுசென்றனர். இலங்கையில் ஊர்ப்புற நூல்நிலையங்களை நடத்துபவை பிரதேச சபைகள். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அச்சபைகளின் பணிகள் தோட்டங்களுக்கு எளிதிற் கிட்டவில்லை. 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டு வழி திறந்தது. திறந்த வழியில் நூல் வண்டி ஏன் செல்லலாகாது?

எனினும் ஒன்றை மறைத்துப் பேசலாகாது. விலகிப்போ என்ற எச்சரிக்கை, போவதற்கு வேறு நிலம் இல்லாதவனுக்குப் பாதிச் செய்தியே. நூல்நிலையம் நிலம் வழங்காது. ஆயினும் வெடிப்புக் கண்ட நாளும் பெய்த மழையின் அளவும் ஒழுங்காக எழுதப்பட்ட அப்பதிவேட்டை, மாற்றுக் காணி கோரும் மனுவுடன் இணைத்துக் கொடுக்கலாம். வாய்ச்சொல்லைத் தள்ளிவிடும் அலுவலகம், நாள் குறித்த ஏட்டுக்குப் பதில் எழுதியே ஆகவேண்டும்.