இமைகளும் லேசர் ஒளியும்



கண்ணழகைப் பாடாத புலவர் இல்லை. அக் கண்ணைக் காக்கும் இமையையோ நாம் உவமைக்கு மட்டும் அழைத்துவிட்டுப் பின்பு மறந்துவிடுகின்றோம். ஐம்பது வயதைத் தாண்டியபின் இமை தானாகவே தன்னை நினைவூட்டுகின்றது. மேலிமையின் தோல் தளர்ந்து மடிந்து விழுகின்றது. கீழிமையின் கீழே சிறு பைபோன்ற வீக்கம் தோன்றுகின்றது. கடைக்கண்ணில் சுருக்கங்கள் படர்கின்றன. இவற்றையெல்லாம் லேசர் ஒளியினால் நீக்கிவிடலாம் என்று விளம்பரங்கள் கூறுகின்றன. அது முழுப் பொய்யன்று, முழு உண்மையுமன்று. நான் வைத்தியன் அல்லன். கலைப் பட்டதாரியாகிய ஓர் ஆசிரியன். எனினும், காசும் கண்ணும் ஒருங்கே சம்பந்தப்பட்ட இவ் விடயத்தைப் படித்தறிந்த அளவில் உங்களுக்குக் கூற விழைகின்றேன்.

நமது உடலிலே மிக மெல்லிய தோல் இமைத் தோலாகும். அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. அதன் கீழே கண்ணை மூட உதவும் வட்டத் தசையும், அதற்குப் பின்னே ஒரு மெல்லிய சவ்வும் உள. அச் சவ்வுக்கு அப்பால், கண்ணுக்கு மெத்தைபோல் அமைந்த கொழுப்பு இருக்கின்றது. வயதேறச் சவ்வு நலிய, கொழுப்பு முன்னே பிதுங்குகின்றது. கண்ணின் கீழே காணும் பை இதுவே. எத்துணை விலையுயர்ந்த களிம்பைப் பூசினாலும் இது ஏன் கரைவதில்லை என்பது இப்பொழுது விளங்கும்.

இமையில் செய்யும் சத்திரசிகிச்சை புதிதன்று. இதற்கு மேனாட்டார் வழங்கும் ‘பிளெபரோபிளாஸ்ரி’ என்ற பெயரை 1818ஆம் ஆண்டில் எடுத்தாண்டவர் கார்ல் பெர்டினந்து வொன் கிறேபே என்ற ஜெர்மானிய வைத்தியர். அவர் கருதியது அழகை அன்று. புற்றுநோயை வெட்டியெடுத்தபின் சிதைந்த இமையைச் சீர்செய்வதையே.

லேசரின் வரலாறு மிக அண்மையது. அதற்கு அடிப்படையான தத்துவத்தை ஐன்ஸ்ரைன் 1917இல் வகுத்தார். 1960ஆம் ஆண்டு மே மாதம் 16ஆந் திகதி, கலிபோர்னியாவில் தியடோர் மைமன் முதல் லேசரை ஒளிரச் செய்தார். அதற்குப் பயன்பட்டது ஒரு மாணிக்கக் கல். நமது இரத்தினபுரிக் கல்லன்று. ஆய்வுகூடத்தில் ஆக்கிய செயற்கைக் கல். 1964இல் இந்தியாவிற் பிறந்த குமார் பட்டேல், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் காபனீரொட்சைட்டு லேசரை உருவாக்கினார். இமைச் சிகிச்சைக்குப் பெரிதும் பயன்படுவது இதுதான். இதன் கதிர் கண்ணுக்குத் தெரியாது. அதனை நீர் விரைவாக உறிஞ்சிக்கொள்ளும். நமது தோலின் கலங்களிலே பெரும்பகுதி நீராதலால், கதிர் பட்ட இடத்துக் கலங்கள் கணத்தில் ஆவியாகின்றன. அவ்வெப்பமே சிறிய இரத்தக் குழாய்களை மூடியும் விடுகின்றது. ஆகவே இரத்தம் அதிகம் சிந்தாமல் வெட்ட முடிகின்றது. 1984இல் இவ் வழியிலான இமைச் சிகிச்சை பற்றிய அறிக்கை அமெரிக்காவிலிருந்து வெளிவந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மேலிமைத் தோலை வெட்டவும், கீழிமைக் கொழுப்பை உட்புறமாக அகற்றவும் லேசர் கத்தியின் இடத்தைப் பெறுகின்றது. அவ்வாறு வெட்டிய இமைக்கும் சாதாரணக் கத்தியால் வெட்டிய இமைக்கும் சில மாதங்களின் பின் பெரிய வித்தியாசம் காண்பது அரிது. சுருக்கத்தைப் போக்குவதற்குத் தோலின் மேற்படையைக் கதிரால் எரித்து நீக்குவது மற்றொரு தொழில். 2004ஆம் ஆண்டுக்குப்பின் படை முழுவதையும் எரியாது, கோலப் புள்ளிகள்போல் இடைவிட்டுச் சுடும் முறையும் வந்துள்ளது. புள்ளிகளுக்கு இடையிலுள்ள நல்ல தோல், காயம் விரைவில் ஆற உதவுகின்றது. விளம்பரங்களோ இவையெல்லாவற்றையும் ‘லேசர்’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகின்றன.

நமக்கு மிக வேண்டிய செய்தி இனித்தான் வருகின்றது. தோமஸ் பிற்ஸ்பற்றிக் என்ற அமெரிக்க வைத்தியர், வெயிலைத் தாங்கும் தன்மை கொண்டு 1975இல் தோலை வகைப்படுத்தினார். அப்பொழுது அவர் வகுத்தவை வெண்தோலின் நான்கு வகைகளே. கபில நிறத் தோலும் கருந்தோலும் பின்னரே ஐந்தாம், ஆறாம் வகைகளாகச் சேர்க்கப்பட்டன. நம்மவருட் பலர் பின்னே சேர்ந்த இவ் வகைகளைச் சார்ந்தவர்கள். நிறம் மிகுந்த தோல் வெப்பத்தாற் புண்பட்டால், நிறந்தரும் கலங்கள் சினங்கொண்டவைபோல் மேலும் நிறத்தைச் சொரிகின்றன. ஆறிய இடம் மாதக்கணக்கிற் கறுத்து நிற்கும். சிலரிடம் அவ்விடம் நிரந்தரமாக வெளிறியும் போகலாம். கண்ணைச் சுற்றிய கருமையைப் போக்கச் சென்றவர் அதனிலும் கடுங் கருமையோடு திரும்பினால் அக் கொடுமையை யாரிடம் உரைப்பது? இதனாலேயே கவனமுள்ள வைத்தியர் நம் போன்றோருக்குக் கதிரின் வலிமையைக் குறைப்பர். மறைவான ஓரிடத்திற் சிறிது சுட்டுப் பார்ப்பர். வெயிலிற் செல்லாதிருக்கச் சொல்வர். சில வேளைகளில் லேசரே வேண்டாம் என்பர்.

எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர், “நான் வகுப்பில் நித்திரை கொள்கிறேன் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள், சேர்” என்று ஒருநாள் சிரித்தபடி கூறினார். கரும்பலகையின் மேல்வரியைப் பார்க்க அவர் தலையைப் பின்னே சாய்ப்பதை நான் முன்பே கண்டிருந்தேன். கண் வைத்தியர் சோதித்தபோது, தொங்கிய தோல் மேற்பார்வையை மறைத்தமை தெரியவந்தது. அழகு வேண்டிச் செல்லக் கூசியிருந்தவர் பார்வைக்காகச் சென்றார். வைத்தியர் பயன்படுத்தியது கத்தியையே. ஆனால் எல்லா இமைத் தொங்கலும் தோலினால் வருவதன்று. இமையைத் தூக்கும் தசையின் நலிவாலும் வரலாம். ஓர் இமை திடீரெனத் தாழ்ந்து, தலைவலியோ இரட்டைப் பார்வையோ கூடத் தோன்றினால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

லேசர் பயன்படும்போது கருவிழியின்மேல் உலோகக் கவசம் வைத்தல் வழக்கம். தோலை அளவுக்கு மீறி அகற்றினால் கண் முழுவதும் மூடாது உலர்ந்துபோகும். கீழிமை வெளிப்புறமாகப் பிரளவும் கூடும். கண்ணின் பின்னே இரத்தம் கசிவது மிக அரிது. நேர்ந்தால் பார்வையையே பறிக்கக்கூடியது. சிகிச்சையின்பின் கடும் வலியோ பார்வை மங்கலோ தோன்றினால் விடியும்வரை காத்திருத்தல் ஆகாது. இரத்தத்தை இளக்கும் மருந்து அருந்துவோர் அதனை முன்கூட்டியே வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்துதல் கூடாது.

சிகிச்சையை நாடுவோர் விலையைக் கேட்குமுன் வைத்தியரிடம் வேறு சில கேள்விகளைக் கேட்கலாம். என் போன்ற நிறமுடையோர் எத்தனை பேருக்கு இதனைச் செய்தீர்கள்? அவர்களுள் எவருக்கேனும் கருமை படர்ந்ததா? ஆறு மாதங்கள் கழிந்தபின் எடுத்த படங்கள் உங்களிடம் உண்டா?