ஏணி வாங்கும் முன்பு



இன்றைய பேச்சு ஏணியைப் பற்றியது. வீட்டு வேலைக்கு எந்த ஏணி ஏற்றது? அதை எப்படிப் பார்த்து வாங்குவது? இதுதான் செய்தி.

"ஏணியில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? இரண்டு கால், நாலு படி!" என்று சிலர் நினைப்பார்கள். அப்படித்தான் ஒரு குடும்பமும் நினைத்தது. அந்தக் குடும்பத்தின் கதையைக் கேளுங்கள்.

கணவர் தையல்காரர். மனைவி மாலை நேரத்தில் கற்போர் மையத்துக்குப் போய்ப் படித்தவர். அவர்களுடையது சிறிய காங்கிரீட் வீடு. மாடியில் தண்ணீர்த் தொட்டி உண்டு. ஆனால் மாடிப்படி இல்லை. வீட்டில் ஏணியும் இல்லை.

ஒரு நாள் மின்விசிறி நின்றுவிட்டது. கணவர் பெஞ்சின் மேல் ஸ்டூலை வைத்து ஏறினார். ஸ்டூல் ஆடியது. அவர் கீழே விழுந்தார். வலது கை மணிக்கட்டு முறிந்தது. இரண்டு மாதம் தையல் இயந்திரம் ஓடவில்லை. வீட்டில் வருமானம் நின்றது. கடன் ஏறியது.

கை குணமானதும் அவர் சொன்னார்: "இனிமேல் ஸ்டூல் வேண்டாம். ஒரு ஏணி வாங்கிவிடலாம்."

மனைவி கேட்டார்: "வாங்கலாங்க. ஆனால் எத்தனை அடி ஏணி?"

கணவரிடம் பதில் இல்லை. ஏணி வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான்.

மனைவி ஒரு தாளில் வேலைகளை எழுதினார். விசிறி துடைக்க வேண்டும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். பரணில் இருந்து பாத்திரம் எடுக்க வேண்டும். மாடிக்கு ஏறித் தொட்டி கழுவ வேண்டும்.

இவற்றில் முதல் மூன்றும் வீட்டுக்குள் செய்யும் வேலைகள். அவற்றுக்குத் தானே நிற்கும் ஏணி வேண்டும். இரண்டு பக்கமும் கால் விரித்து நிற்கும் ஏணி அது. கடைசி வேலைக்குச் சுவரில் சாய்க்கும் நீள ஏணி வேண்டும். இரண்டு ஏணி வாங்கப் பணமும் இல்லை. வைக்க இடமும் இல்லை.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் பல வேலைக்கும் உதவும் மடக்கு ஏணி வந்திருக்கிறது. பெரும்பாலும் இது அலுமினியத்தில் செய்யப்படுகிறது. இதில் நான்கு துண்டுகள் இருக்கும். துண்டுகளைக் கீல்கள் இணைக்கும். ஒவ்வொரு கீலிலும் ஒரு பூட்டு இருக்கும். நடுவில் மடக்கினால் இரண்டு பக்கமும் கால் ஊன்றித் தானே நிற்கும். முழுவதும் நீட்டினால் சாய்வு ஏணி ஆகும். எல்லாவற்றையும் மடித்தால் மூலையில் வைத்துவிடலாம்.

கணவனும் மனைவியும் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் ஒரு மடக்கு ஏணியைக் காட்டினார்.

"அண்ணா, இதை முழுக்க நீட்டினால் எத்தனை அடி?" என்று மனைவி கேட்டார்.

"12 அடி அக்கா. உங்கள் வீடு என்ன உயரம்?"

"10 அடி."

"அப்படியானால் தாராளமாகப் போதும்."

மனைவி கணக்குப் போட்டுப் பார்த்தார். "போதாது அண்ணா" என்றார்.

ஏன் போதாது? ஏணியைச் செங்குத்தாக நிறுத்தினால் பின்பக்கம் சரியும். அதிகம் சாய்த்தால் கால் வழுக்கும். அதற்கு ஒரு கணக்கு உண்டு. நாலுக்கு ஒன்று என்பது அந்தக் கணக்கு. ஏணி 4 அடி உயரத்தில் சுவரைத் தொட்டால், அதன் கால் சுவரிலிருந்து 1 அடி தள்ளி இருக்க வேண்டும். 8 அடிக்கு 2 அடி. 12 அடிக்கு 3 அடி.

10 அடி உயர மாடி விளிம்பு என்றால் கால் இரண்டரை அடி தள்ளி இருக்கும். விளிம்பு வரையிலுமே 10 அடிக்குச் சற்று அதிகமான நீளம் போய்விடும். அதற்கு மேலும் 3 அடி ஏணி நீண்டு நிற்க வேண்டும். மாடியில் கால் வைக்கும்போதும், திரும்ப இறங்கும்போதும் பிடித்துக்கொள்ள அந்த 3 அடி வேண்டும். பிடி இல்லாமல் விளிம்பில் கால் மாற்றும்போது ஆபத்து அதிகம். ஆகவே அந்த வீட்டுக்கு 13 அடிக்கும் சற்று அதிகமான ஏணி வேண்டும். கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நல்லது.

கடைக்காரர் உள்ளே போனார். 15 அடி நீளும் ஏணியைக் கொண்டுவந்தார்.

ஏணியின் பக்கச் சட்டத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அது ஆங்கிலத்தில் இருந்தது. ஆனால் எண்ணை எல்லோரும் படிக்கலாம் அல்லவா? மனைவி விரல் வைத்துப் படித்தார். 100 கிலோ என்று இருந்தது.

அது ஏணி தாங்கும் எடை. ஆளின் எடை மட்டும் இதில் கணக்கு இல்லை. ஆள் 60 கிலோ. கையில் உள்ள வாளி 15 கிலோ. கருவிகள் 5 கிலோ. மொத்தம் 80 கிலோ. 100 கிலோ தாங்கும் ஏணி இதற்குப் போதும். ஆள் 85 கிலோ என்றால் அதே சுமையோடு 105 கிலோ ஆகிவிடும். அவருக்கு அந்த ஏணி ஆகாது.

சீட்டில் எடையே எழுதாத ஏணியை வாங்க வேண்டாம்.

பிறகு ஏணியைக் கடையிலேயே விரித்துப் பார்த்தார்கள். பூட்டுகள் எல்லாம் 'டக்' என்று விழுகின்றனவா? எல்லாக் கால்களிலும் ரப்பர் இருக்கிறதா? படியில் வழுக்காமல் இருக்க வரிகள் உண்டா? உலுக்கினால் ஆணிகள் ஆடுகின்றனவா? நீட்டிய ஏணி கனமாக இருக்கும். அதை இருவர் சேர்ந்து தூக்கி நிறுத்தவும் பார்த்தார்கள்.

அந்தச் சீட்டில் மின்னல் போல ஒரு படமும் இருந்தது. அது மின்சார எச்சரிக்கை. அலுமினியத்தில் மின்சாரம் பாயும். இரும்பிலும் பாயும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதுவே ஆளைக் கொல்லும். தெருவில் போகும் கம்பிகளில் சிலவற்றில் 11,000 வோல்ட் ஓடுகிறது.

கேரளத்தில் வீட்டைச் சுற்றித் தென்னை, மா, பலா மரங்கள் நிற்கும். அவற்றின் அருகிலேயே மின்கம்பி போகும். காய் பறிக்க எடுத்துச் செல்லும் இரும்புத் துறட்டியும் அலுமினிய ஏணியும் கம்பியில் பட்டு, அங்கே பலர் இறந்திருக்கிறார்கள். அம்மாநில மின்சார வாரியம் இதைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது.

எனவே மின்கம்பி அருகில் உலோக ஏணியைக் கொண்டுபோகக் கூடாது. மூங்கிலும் மரமும் ஈரமானால் அவற்றிலும் மின்சாரம் பாயும். ஏணி எதுவானாலும் விசிறி, விளக்கு வேலைக்கு முன்பு மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். மின் வேலை செய்பவர்கள் ஃபைபர் ஏணி வைத்திருப்பது இதனால்தான்.

எல்லோரும் மடக்கு ஏணிதான் வாங்க வேண்டும் என்பதில்லை. மாடிப்படி உள்ள வீட்டுக்கு, தானே நிற்கும் 5 அடி ஏணி போதும். அதன் உச்சிப் படிகளில் ஏறக் கூடாது. 3 அடி உயரத்துப் படியில் நின்றாலே விசிறி எட்டும். மூங்கில் ஏணியும் நல்ல ஏணிதான். விலை குறைவு. ஆனால் ஒவ்வொரு முறையும் விரிசல், பூச்சி அரிப்பு, கட்டுத் தளர்வு பார்க்க வேண்டும். மர ஏணிக்குப் பெயிண்ட் அடிக்கக் கூடாது. பெயிண்ட் விரிசலை மறைத்துவிடும். எண்ணெயோ வார்னிஷோ பூசலாம்.

ஏணியைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது பற்றி இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1991 ஆம் ஆண்டிலேயே விதிமுறை வெளியிட்டது. அதன் எண் ஐ.எஸ். 3696, பகுதி 2. வீட்டில் நினைவில் வைக்க வேண்டியவை சில:

ஏணியைச் சமமான, காய்ந்த தரையில் நிறுத்த வேண்டும்.

ஏறும் முன்பு எல்லாப் பூட்டையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டு காலும் ஒரு கையும், அல்லது இரண்டு கையும் ஒரு காலும் எப்போதும் ஏணியில் இருக்க வேண்டும்.

வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறக் கூடாது. மேலே போய்க் கயிற்றால் இழுத்துக்கொள்ளலாம்.

எட்டவில்லை என்றால் சாய்ந்து எட்டக் கூடாது. இறங்கி, ஏணியை நகர்த்த வேண்டும்.

இன்னொரு செய்தி. அந்த 15 அடி ஏணியின் விலை தையல்காரர் குடும்பத்துக்கு அதிகம். மனைவி பக்கத்து மூன்று வீடுகளில் பேசினார். நான்கு வீட்டாரும் பணம் போட்டார்கள். ஏணி ஒரு வீட்டில் மாதம் ஓரிரு நாள்தான் வேலை செய்யும். மற்ற நாளில் சும்மா நிற்கும். அதை நாலு வீடும் பயன்படுத்தினால் என்ன குறை? யார் எடுத்தார், எப்போது திருப்பித் தந்தார் என்று மனைவி ஒரு நோட்டில் எழுதி வருகிறார். கீல் தளர்ந்தால் அதையும் எழுதுகிறார். சரிசெய்யும் வரை அந்த ஏணியில் யாரும் ஏறுவதில்லை.

ஏணி வாங்கப் போகும் முன்பு வீட்டின் உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கடையில் ஏணியின் நீளத்தைக் கேளுங்கள். சீட்டில் உள்ள எடையைப் படியுங்கள். மின்கம்பி எங்கே போகிறது என்று பாருங்கள். இந்த நான்கும் தெரிந்த பிறகு விலையைப் பேசுங்கள்.